எலிக்கு இறங்கிய கொலஸ்ட்ரால் எனக்கும் இறங்குமா?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 78 கிலோ. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 256, எல்டிஎல் 168, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 240 என்று வந்தது. மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், இன்னும் தொடங்கவில்லை. ஜிம் பயிற்சியாளர், “வே புரோட்டீன் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று எலிகளில் நிரூபித்திருக்கிறார்கள், மாத்திரைக்கு முன் மூன்று மாதம் இதைக் குடித்துப் பாருங்கள்” என்கிறார். சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று மனைவி பயப்படுகிறார். மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாமா? வீட்டில் பனீர் செய்யும்போது வடியும் தண்ணீரும் இதுதான் என்கிறார்களே, அதைக் குடித்தால் போதாதா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மாத்திரைக்குப் பதிலாக வே புரதம் வேண்டாம். மாத்திரையோடு சேர்த்து அளவாகக் குடிப்பதற்கு, உங்கள் சிறுநீரகம் நலமாக இருக்கும் பட்சத்தில், தடை இல்லை. ஆனாலும் பயிற்சியாளர் சொன்னதை நான் பொய் என்று ஒதுக்க மாட்டேன். எலிகளில் அப்படிப்பட்ட முடிவுகள் உண்மையாகவே வந்திருக்கின்றன. அந்த எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் எப்படி ஏறியது, வே புரதத்தை எதனோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற மூன்றையும் அவர் சொல்லாமல் விட்டதுதான் குறை. அவற்றைத் தெரிந்துகொண்டால் முடிவை நீங்களே எடுத்துவிடலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசின். எஞ்சிய ஒரு பங்குதான் வே. பாலாடைக்கட்டி செய்யும்போது திரளாகக் கட்டிக்கொள்வது கேசின். பிரிந்து வடியும் தெளிநீரில் கரைந்திருப்பது வே புரதம். அதில் முதன்மையானது பீட்டா லாக்டோகுளோபுலின் என்னும் புரதம். இது தாய்ப்பாலில் இல்லை. பசும்பாலில் மிகுதியாக உண்டு. கொலஸ்ட்ரால் பற்றிய எலி ஆய்வுகளில் பெரும்பாலும் அடிபடுவது இதன் பெயர்தான்.

இப்போது எலிக்கு வருவோம். எலி, கொலஸ்ட்ரால் விஷயத்தில் மிகவும் பிடிவாதமான பிராணி. அதற்குப் பித்தப்பை கிடையாது. பித்தம் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். நம் இரத்தத்தில் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை, “கெட்ட கொலஸ்ட்ரால்” எனப்படும் எல்டிஎல் சுமக்கிறது என்றால், எலியில் அதை, “நல்ல கொலஸ்ட்ரால்” எனப்படும் எச்டிஎல் சுமக்கிறது. இரண்டுக்கும் இடையே கொலஸ்ட்ராலைக் கைமாற்றுவதற்கு நம் உடலில் ஒரு புரதம் இருக்கிறது. எலியில் அது இல்லை. எனவே சாதாரணத் தீவனம் தின்னும் எலிக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவதில்லை. நாம்தான் வலிந்து ஏற்ற வேண்டும். அதற்கென்றே ஒரு வழக்கமான கலவை உண்டு. தீவனத்தில் நூற்றுக்கு 1 பங்கு தூய கொலஸ்ட்ராலைச் சேர்ப்பார்கள். அது குடலில் நன்றாகக் கரைந்து உள்ளே போவதற்காகவும், கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடாமல் இருப்பதற்காகவும் கோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தைக் கால் முதல் அரை சதவீதம் வரை கலப்பார்கள். சில பழைய ஆய்வுகளில் இது போதாதென்று தைராய்டு சுரப்பை முடக்கும் மருந்தையும் சேர்த்ததுண்டு. சில வாரங்கள் இதைத் தின்ற எலியின் வயிற்றைத் திறந்தால், கருஞ்சிவப்பாகப் பளபளக்க வேண்டிய கல்லீரல் பெருத்து, வெளிறி, மஞ்சள் பூத்துக் கிடக்கும். தொட்டால் கையில் பிசுபிசுக்கும்.

கணக்கைப் பாருங்கள். 300 கிராம் எடையுள்ள எலி நாளொன்றுக்குச் சுமார் 18 கிராம் தீவனம் தின்னும். அதில் ஒரு சதவீதம் என்றால் 180 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், அதாவது கோழிமுட்டை ஒன்றின் மஞ்சள் கருவில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு. எடை விகிதப்படி உங்களுக்கு இதையே செய்ய வேண்டுமானால் தினமும் சுமார் 250 முட்டை ஊட்ட வேண்டியிருக்கும். ஆக, ஆய்வு எலியின் நோய் விழுங்கியதால் வந்த நோய். குடலில் அந்த வெள்ளத்தை யார் தடுத்தாலும் எண் சட்டென்று இறங்கும்.

வே புரதம் அங்கே செய்வதாகக் காணப்பட்டதும் ஏறக்குறைய அதுதான். ஜப்பானின் கிஃபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பீட்டா லாக்டோகுளோபுலினை டிரிப்சின் என்ற செரிமான நொதியால் வெட்டிப் பார்த்தபோது கிடைத்த துண்டுகள், கொலஸ்ட்ரால் பித்தத்தோடு சேர்ந்து கரைவதைக் குறைத்தன. 2001-இல் அவற்றிலிருந்து ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டைப் பிரித்தெடுத்து, லாக்டோஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். எலிகளில் அது, கொலஸ்ட்ரால் குறைக்கப் பயன்பட்ட தாவரப் பொருளான பீட்டா சிட்டோஸ்டெராலைக் காட்டிலும் நன்றாக வேலை செய்தது. அழகான ஆய்வு, எனக்கு அதன்மீது மரியாதை உண்டு. ஆனால் உங்கள் எல்டிஎல் 168 ஆனதற்குக் காரணம் நீங்கள் கொலஸ்ட்ராலை அள்ளித் தின்றதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மனிதரின் இரத்தத்தில் சுற்றும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது. எல்டிஎல் உயர்வதற்குப் பெரும்பாலும் கல்லீரல் அதை இரத்தத்திலிருந்து போதிய வேகத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளாததே காரணம். பரம்பரை, உடல் எடை, நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் பாமாயிலிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு ஆகியவை அந்த வேகத்தைக் கெடுக்கின்றன. உங்களுக்கு எழுதிக் கொடுத்த அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைத்து, இரத்தத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி அதை நெருக்குகிறது. நோய் இருக்கும் இடத்தில் மருந்து போய்ச் சேர்கிறது. வே புரதம் காவல் காப்பதோ குடல் வாசலில்.

எல்லா ஆய்வாளர்களும் குடலைத்தான் காரணமாகச் சொன்னார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1993-இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் வெளிவந்த இன்னோர் எலி ஆய்வில், வே கொடுத்த எலிகளின் மலத்தில் பித்த அமிலம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்தது. எனவே அந்த ஆய்வாளர்கள், கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியே குறைந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். அந்த ஆய்வில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தீவனத்தில் புரதம் 15 சதவீதமாக இருந்தபோது வேயால் பயன் தெரியவில்லை. 30 சதவீதமாக உயர்த்திய பிறகுதான் இரத்தத்திலும் கல்லீரலிலும் கொலஸ்ட்ரால் இறங்கியது. 18 கிராம் தீவனத்தில் 30 சதவீதம் என்றால் 5.4 கிராம்; எலியின் எடைக்கு அது கிலோவுக்கு 18 கிராம். எலிக்கான அளவை மனிதருக்கு மாற்றும்போது உடற்பரப்பைக் கருதி 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அப்படி வகுத்தாலும் உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 225 கிராமுக்கு மேல் வருகிறது. ஒரு ஸ்கூப் பொடியில் 24 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது ஸ்கூப்புக்கு மேல். அதுவும் பருப்பு, பால், முட்டை, மீன் அனைத்தையும் நிறுத்திவிட்டு, ஒரு நாளின் மொத்தப் புரதமும் வேயாகவே இருக்க வேண்டும். இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது உங்களுக்கு 65 கிராம்.

“எதனோடு ஒப்பிட்டார்கள்” என்பது இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி. இந்த எலி ஆய்வுகளில் வழக்கமான ஒப்பீட்டுப் புரதம் கேசின். ஆய்வக எலித் தீவனத்தின் நிலையான புரதமே அதுதான். கேசினோ, சில விலங்குகளில் தானாகவே கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. இதற்கு நூறாண்டு கடந்த ஒரு கதை உண்டு. 1908-இல் ரஷ்யாவில் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்து அவற்றின் இரத்தக்குழாய்களில் தடிப்பு வருவதைக் கண்டார். விலங்குப் புரதமே காரணம் என்றார். 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த தூய கொலஸ்ட்ராலை மட்டும் முயல்களுக்குக் கொடுத்து அதே தடிப்பை வரவழைத்தார். குற்றவாளி கொலஸ்ட்ராலே என்று உலகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இக்னடோவ்ஸ்கி சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. துளிக்கூடக் கொலஸ்ட்ரால் இல்லாத தீவனத்திலும், புரதம் கேசினாக இருந்தால் முயலுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியது. சோயாவாக இருந்தால் ஏறவில்லை. ஆகவே ஒரு கட்டுரை “வே புரதம் கொலஸ்ட்ராலைக் குறைத்தது” என்று சொல்லும்போது, வே தின்ற எலிக்கு இறங்கியதா அல்லது கேசின் தின்ற எலிக்கு ஏறியதா என்று பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது.

சோயாவின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முயலில் கிடைத்த பிரமாதமான முடிவுகளுக்குப் பிறகு மனிதரிலும் ஆய்வுகள் நடந்தன. 1999-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், நாளைக்கு 25 கிராம் சோயா புரதம் இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பொட்டலத்தில் அச்சிட அனுமதித்தது. 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லாவற்றையும் மறுபடி எடைபோட்டபோது, எல்டிஎல் குறைவு வெறும் 3 சதவீத அளவிலேயே நின்றது. 2017-இல் அந்த நிர்வாகமே தன் அனுமதியைத் திரும்பப் பெற உத்தேசித்து அறிவிப்பு வெளியிட்டது. முயலிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் பலன் எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விலங்கு ஆய்வை நம்பியே ஆக வேண்டும் என்றால் எதிர்ப்பக்க ஆய்வையும் நம்ப வேண்டியிருக்கும். ஏபோஈ என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் உண்டு. அவற்றுக்குச் சிறப்புக் கலவை இல்லாமலே கொலஸ்ட்ரால் ஏறி, இரத்தக்குழாயில் படிவுகள் உண்டாகும் என்பதால், ஊட்டி வளர்த்த எலியைவிட அவை நம் நோய்க்குச் சற்று நெருக்கமானவை. 2020-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள், கொழுப்பு மிகுந்த தீவனத்தோடு புரதத்தையும் கூட்டிக் கொடுத்தபோது அந்தச் சுண்டெலிகளின் படிவுகள் பெரிதானதைக் கண்டார்கள். குறிப்பாக லியூசின் என்ற அமினோ அமிலத்தை நோக்கி விரல் நீட்டினார்கள். தசை வளர்ச்சிக்கு வே புரதத்தைச் சிலாகிப்பவர்கள் முதலில் சொல்லும் காரணமே அதில் லியூசின் மிகுதி என்பதுதான்! இதைப் படித்துவிட்டு வே விஷம் என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டியதில்லை. பயிற்சியாளரின் எலியை வைத்து அது மருந்து என்று முடிவுகட்டவும் வேண்டியதில்லை.

மனிதர்களில் என்ன நடந்தது? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உடல் பருமனானவர்கள் 70 பேரைக் கொண்டு செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு 54 கிராம் வே புரதத்தை 12 வாரம் குடித்தவர்களுக்கு, குளுக்கோஸ் அல்லது கேசின் குடித்தவர்களோடு ஒப்பிடும்போது, மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் குறைந்திருந்தன. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்த அழுத்தம் சற்றே கூடியவர்களுக்கு நாளைக்கு இருமுறை 28 கிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்தார்கள். மாவுச்சத்துப் பொடியோடு ஒப்பிடும்போது மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் குறைந்தது. அதே ஆய்வில் கேசினும் ஏறக்குறைய 8 மில்லிகிராம் குறைத்தது. எலியில் எதிரெதிராக நின்ற இரண்டும் இந்த மனித ஆய்வில் தோளோடு தோள் நின்றதைக் கவனியுங்கள். இரத்தக் கொழுப்பு விஷயத்தில் வே மட்டும் தனித்துச் செய்தது, இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடைக் குறைத்ததுதான். அதே 2016-இல் 13 மனித ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வேறோர் ஆய்வும், வே புரதத்தால் ட்ரைகிளிசரைடு குறைகிறது, மொத்தக் கொலஸ்ட்ராலிலும் எல்டிஎல்லிலும் எச்டிஎல்லிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றே முடித்தது. எலியில் வே புரதம் கல்லீரல் கொழுப்பைக் குறைத்ததற்கு ஓரளவு ஒத்துப்போகும் மனிதச் சான்றும் உண்டு. பருமனான பெண்கள் 11 பேர் நான்கு வாரம் தினம் 60 கிராம் வே குடித்தபோது கல்லீரல் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2011-இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதால் அதன்மீது அதிகம் சாய்ந்துகொள்ள மாட்டேன்.

இந்த எண்களை உங்கள் அறிக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லைச் சராசரியாக 35 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். அதாவது உங்கள் 168 ஏறக்குறைய 105-க்கு வரும். வே புரதத்திடம் எல்டிஎல் விஷயத்தில் எதிர்பார்க்கக்கூடியது, கிடைத்தால், சில புள்ளிகள். மூன்று மாதம் காத்திருந்து பார்ப்பதால் உடனே ஆபத்து வந்துவிடாது என்றாலும், “பார்ப்போம்” என்று தள்ளிய மூன்று மாதம் மூன்று வருடமாகிவிடுவதை என்னிடம் வருபவர்களில் பலரிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையைத் தொடங்குங்கள். தொடங்கும் முன் மருத்துவரிடம் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். எலியின் தைராய்டை முடக்கிக் கொலஸ்ட்ராலை ஏற்றினார்கள் என்றேனே, மனிதரிலும் தைராய்டு சுரப்புக் குறைந்தால் அதே விளைவு வரும். நீங்கள் அனுப்பியவற்றில் அந்தப் பரிசோதனை இல்லை.

உங்கள் ட்ரைகிளிசரைடு 240 என்பதுதான் வே புரதத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கக்கூடிய இடம். அங்கும் அது எதன் இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே பயன். மேற்சொன்ன மனித ஆய்வுகளில் அது சர்க்கரைக்கும் மாவுக்கும் மாற்றாக நின்றது. மாலையில் சர்க்கரை போட்ட டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டு வந்தவர், அவற்றை விட்டு ஒரு ஸ்கூப் வே புரதத்தைத் தண்ணீரில் கலந்து குடித்தால் எண் இறங்கக்கூடும். பஜ்ஜியும் இருக்க, அதன்மேல் வேயும் சேர்ந்தால் கலோரிதான் கூடும். “மாஸ் கெய்னர்” என்ற பெயரில் விற்கும் பொடிகளைத் தொடாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து, உங்கள் ட்ரைகிளிசரைடுக்கு அது நேர் எதிரி. மது அருந்தும் பழக்கம் இருந்தால் ட்ரைகிளிசரைடை இறக்க அதை நிறுத்துவதைவிடப் பெரிய மருந்து கிடையாது. செலவைப் பார்த்தாலும், நாளைக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாகச் சாப்பிடுவது, புரதத்தோடு நார்ச்சத்தையும் கொடுத்து எல்டிஎல்லை ஐந்து சதவீத அளவுக்குக் குறைக்கிறது. அதற்கு மனிதரில் செய்த சான்றே இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் காசை அங்கே செலவிடுவேன்.

உங்கள் மனைவியின் அச்சத்துக்கு வருகிறேன். நலமான சிறுநீரகத்தை, ஒரு நாளுக்கு ஒரு ஸ்கூப் அளவிலான புரதம் கெடுத்துவிடுவதில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தால் கதை வேறு. அப்போது புரதத்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிட்டால் உங்கள் மனைவிக்கும் நிம்மதி. பால் குடித்தால் வயிறு உப்புபவர்களுக்கு, பால் சர்க்கரையான லாக்டோஸ் மிகுந்த கான்சன்ட்ரேட் வகை வே பொடி ஒத்துக்கொள்ளாது. ஐசொலேட் வகையில் லாக்டோஸ் மிகக் குறைவு. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஸ்டாட்டினோடு வே புரதம் மோதுவதாக அறியப்படவில்லை. பொடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. 2024-இல் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்த ஆய்வொன்றில், பத்தில் ஏழு பொடிகளின் புரத அளவு, பொட்டலத்தில் அச்சிட்டபடி இல்லை. மூலிகைச் சாறுகள் கலந்தவற்றை அறவே ஒதுக்குங்கள். கல்லீரலைப் பார்த்துக்கொண்டு ஸ்டாட்டின் எடுக்கும் நேரத்தில் பெயர் தெரியாத மூலிகை உள்ளே போகக் கூடாது.

கடைசியாக, பனீர் தண்ணீர். தொழிற்சாலைகளில் பாலை அதிகம் சுடாமல் கட்டியாக்கி, வடியும் நீரை நுண்வடிகட்டிகளில் பலமுறை செறிவாக்கித்தான் பொடி எடுக்கிறார்கள். நீங்கள் வீட்டில் பாலைக் கொதிக்கவிட்டு எலுமிச்சை பிழிகிறீர்கள். அந்தக் கொதியில் பீட்டா லாக்டோகுளோபுலின் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்வதால், வே புரதத்தின் பெரும்பகுதி பனீருக்குள்ளேயே போய்விடுகிறது. மஞ்சளும் பச்சையுமாகத் தெளிந்து நிற்கும் அந்த நீரில் எஞ்சுவது பெரும்பாலும் லாக்டோஸும் உப்புகளும்தான். ஒரு ஸ்கூப்புக்கு இணையான புரதத்தை அதிலிருந்து பெற லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். கீழே கொட்டவும் வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்தில் விடவோ தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாத்திரை தொடங்கி எட்டு வாரம் ஆனதும், இரவு 12 மணிநேரம் வெறும் வயிற்றோடு இருந்து, அதே ஆய்வகத்திலேயே பரிசோதனையைத் திரும்ப எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.